பாகம் பிரியாத வீடு

எருசலேமில் திருக்கல்லறைத் தேவாலயத்தின் வாசலுக்கு மேலே, வலப்பக்கச் சன்னலின் அடியில், சாதாரண மர ஏணி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 1728ஆம் ஆண்டின் சித்திரம் ஒன்றிலும் அதே இடத்தில் ஓர் ஏணி இருக்கிறது. அந்தத் தேவாலயத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஆறு திருச்சபைகளும் ஒப்புக்கொள்ளாமல் பொது இடத்தில் இருக்கும் எதையும் அசைக்கக் கூடாது என்பது அங்குள்ள ஏற்பாடு; எனவே ஏணி அப்படியே நிற்கிறது. 2019 நவம்பரில் புனிதப் பயணம் சென்ற என் அம்மாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். முற்றத்தில் எங்கள் குழு அந்த ஏணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெருமூச்சு விட்டு, "ஆபிரகாம் காலத்திலிருந்தே யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் இவர்களுக்குள் அடிதடிதான் தம்பி. அது தீராத பகை" என்றார்.

அவர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவைப் பற்றிப் பேச்செடுக்கும் இடமெல்லாம் இந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, அதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துவிட்டது. பகை ஆதியிலிருந்தே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பாளி இல்லை என்றாகிவிடுகிறது. எந்த அரசன் எந்த ஆண்டில் எந்த ஆணையைப் பிறப்பித்தான், எந்த ஊரில் யார் யாருக்குக் கதவைத் திறந்தார், யார் அடைத்தார் என்று கேட்கத் தேவையில்லாமல் போகிறது. வரலாறோ அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பெயரோடும் தேதியோடும் பதில் வைத்திருக்கிறது.

மூன்று மதங்களுக்கும் இடையில் இருப்பதை நம் மொழியில் பங்காளிக் காய்ச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்நியனோடு வரும் சண்டையும் பங்காளியோடு வரும் சண்டையும் ஒன்றல்ல. பங்காளிச் சண்டையில் இரு தரப்பும் காட்டுவது ஒரே பாட்டனார் பெயரைத்தான். கேட்பது ஒரே வீட்டைத்தான். பத்திரத்தில் உள்ள ஒரே வரிக்குத்தான் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். ஆபிரகாமை யூதர்கள் தங்கள் தகப்பன் என்கிறார்கள். விசுவாசத்தால் நாங்களே அவருடைய பிள்ளைகள் என்று பவுலின் வழியில் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். இப்ராஹீம் யூதராகவோ கிறிஸ்தவராகவோ இருக்கவில்லை, ஒரே இறைவனுக்குப் பணிந்தவராகவே இருந்தார் என்று குர்ஆன் சொல்கிறது. பின்னால் வந்த ஒவ்வொரு தரப்பும், முன்னால் இருந்தவர் பத்திரத்தைத் தவறாகப் படித்துவிட்டார் என்று கூற வேண்டியிருந்தது. இந்தக் கருத்து வேறுபாடு உண்மையானது, ஆழமானது. ஆனால் அது நூற்றாண்டுகள் நெடுகிலும் ஒரே அளவில் இருந்திருக்கிறது; இரத்தமோ சில ஆண்டுகளில் மட்டும் ஆறாக ஓடி, பல பத்தாண்டுகள் ஓடாமலே இருந்திருக்கிறது. நான் பேச விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

எருசலேமையே எடுத்துக்கொள்கிறேன். கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸ் யூதர்களின் இரண்டாம் ஆலயத்தை இடித்தார். 132 முதல் 135 வரை நடந்த கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு, பேரரசர் ஹேட்ரியன் ஊரின் பெயரையே ஏலியா கேப்பிட்டோலினா என்று மாற்றி, யூதர்கள் உள்ளே நுழையவும் தடை விதித்தார். அவ்விருவரின் ரோமும் பல தெய்வங்களை வழிபட்ட ரோம். கிறிஸ்தவ ரோம் அன்று. ஆனால் நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைனின் ஆட்சியில் கிறிஸ்தவம் அரச ஆதரவைப் பெற்று, 335இல் திருக்கல்லறைத் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்ட பின்பும், அந்தத் தடை தொடர்ந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் யூதர்கள் வந்து, இடிந்த ஆலயத்தின் கல்லருகே அழுதுவிட்டுப் போகலாம். ஆலய மேடையைக் கிறிஸ்தவப் பேரரசு எதுவும் கட்டாமல் பாழாகவே விட்டிருந்தது. பழைய வீட்டுக்காரர் தோற்றுப்போனதற்கு அந்தப் பாழ்நிலமே சாட்சி என்று அக்கால இறையியலாளர்கள் கருதினார்கள். இந்த மனப்பான்மையை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை; பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் யூதர்களுக்கு நேர்ந்த பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

614இல் சசானியப் பாரசீகப் படை எருசலேமைப் பிடித்தது. யூதர்களில் ஒரு பகுதியினர் பாரசீகரோடு சேர்ந்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். திருச்சிலுவை என்று போற்றப்பட்ட மரம் கவர்ந்து செல்லப்பட்டது. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகரை வென்று 630இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். வரும் வழியில் யூதர்களுக்கு அவர் அபயம் அளித்து ஆணையிட்டதாகவும், எருசலேம் குருமார்கள் அந்த ஆணையை மீறும்படி வற்புறுத்தியதாகவும், சத்தியத்தை மீறிய பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு வாரம் கூடுதலாக நோன்பிருப்போம் என்று வாக்களித்ததாகவும் கிறிஸ்தவ மரபே கூறுகிறது. யூதர்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். எகிப்தின் காப்டிக் திருச்சபையினர் தவக்காலத்தின் முதல் வாரத்தை இன்றும் ஹெராக்ளியஸின் நோன்பு என்று அழைக்கிறார்கள். ஒரு வாக்குறுதியை முறித்ததன் நினைவு, காரணமே பலருக்கு மறந்துபோன பின்பும், பசியாக மிஞ்சி நிற்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

அடுத்த எட்டே ஆண்டுகளில், 638 அளவில், ஊர் அரபு முஸ்லிம்களின் வசமாயிற்று. எருசலேம் கிறிஸ்தவர்களின் மறைமுதல்வர் சோஃப்ரோனியஸ் கலீபா உமரிடம் ஊரை ஒப்படைத்தார். தொழுகை நேரம் வந்தபோது தேவாலயத்துக்குள்ளேயே தொழலாம் என்று அவர் அழைத்ததாகவும், "நான் இங்கே தொழுதால், உமர் தொழுத இடம் என்று சொல்லி எனக்குப் பின் வருபவர்கள் இதை எடுத்துக்கொள்வார்கள்" என்று கூறி உமர் வெளிப்படிக்கட்டில் தொழுததாகவும் ஒரு கதை உண்டு. மத நல்லிணக்க மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை இது. ஆனால் அதை எழுதி வைத்தவர் யார் என்று யாரும் சொல்வதில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ மறைமுதல்வராக இருந்த யூத்திகியுஸ் அதை எழுதினார். எழுதிய கையோடு, தம் காலத்து முஸ்லிம்கள் உமரின் வாக்கை மீறி அந்த முன்வாசலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள் என்றும் முறையிட்டார். ஆகவே அந்தக் கதை வெறும் பெருந்தன்மைக் கதை அன்று. அது ஒரு பட்டயம். உங்கள் பாட்டனாரே எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இளைய பங்காளியின் முன்னால் நீட்டப்படும் பட்டயம். அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை, கூடவே செய்கிறது. வலிமையற்றவர் வலிமை உள்ளவரிடம் அவருடைய முன்னோரின் சொல்லையே சான்றாகக் காட்டி நியாயம் கேட்க முடிந்த காலம் அது.

உமரின் காலத்தில்தான் யூதக் குடும்பங்கள் சில நூற்றாண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குள் மீண்டும் குடியேற அனுமதி பெற்றன. இதை முஸ்லிம்களும் மறந்துவிட்டார்கள், யூதர்களும் மறந்துவிட்டார்கள்.

அதற்காக இஸ்லாமிய ஆட்சியைப் பொற்காலமாகத் தீட்டவும் நான் விரும்பவில்லை. திம்மிகள் என்று அழைக்கப்பட்ட யூதரும் கிறிஸ்தவரும் ஜிஸ்யா வரி கட்டி, தாழ்ந்த நிலையை ஏற்றுக்கொண்டு, பாதுகாப்பைப் பெற்றார்கள்; புதிய ஆலயம் எழுப்புதல், குதிரை ஏறுதல் போன்றவற்றுக்கு எழுத்தில் தடைகள் இருந்தன. சமத்துவம் என்று இன்று நாம் சொல்லும் பொருளில் அங்கே எதுவும் இல்லை. 1009இல் ஃபாத்திமிய கலீபா அல்-ஹாக்கிம் திருக்கல்லறைத் தேவாலயத்தையே இடிக்க ஆணையிட்டார். 1148இல் வட ஆப்பிரிக்க முஸ்லிம் வம்சத்தினரான அல்மொஹாதுகள் ஸ்பெயினின் கோர்தோபாவைப் பிடித்து யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் நெருக்கியபோது ஊரைவிட்டுப் போன குடும்பங்களில் மோசே மைமோனிதீஸின் குடும்பமும் ஒன்று. ஆனால் யூத உலகின் அந்த மாபெரும் அறிஞர் ஒரு முஸ்லிம் அரசிடமிருந்து தப்பி அடைக்கலம் புகுந்தது இன்னொரு முஸ்லிம் நாடான எகிப்தில். அங்கே சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சருக்கு மருத்துவராகவும் ஆனார். குர்ஆன் இரண்டு இடத்திலும் ஒரே குர்ஆன்தான். மாறியது ஆட்சி.

1095இல் கிளர்மாண்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன், எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றச் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தபோது, முதலில் விழுந்த பிணங்கள் எருசலேமில் விழவில்லை, ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் விழுந்தன. 1096இல் ஷ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை, தொலைதூரத்து எதிரியைத் தேடிப் போவானேன், இங்கேயே இருக்கிறார்களே என்று சொல்லிக் கூட்டங்கள் தாக்கின. ஷ்பையரின் ஆயர் யோகான் யூதர்களைத் தம் பாதுகாப்பில் வைத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். தாக்கியவர்களில் சிலருடைய கைகளை வெட்டவும் செய்தார். மைன்ஸில் பேராயர் ஒளிந்துகொண்டார். மதம் மாறுவதைவிடத் தம் பிள்ளைகளைத் தாமே கொன்று தாமும் மாள்வது மேல் என்று அங்கே பெற்றோர் முடிவெடுத்தார்கள். ஒரே திருச்சபை, ஒரே விவிலியம், ஒரே மாதம், அடுத்தடுத்த நகரங்கள். அந்தக் கூட்டங்களின் வெறியை மதம் விளக்கிவிடலாம். ஓர் ஊரில் யூதர்கள் பிழைத்ததற்கும் மற்றோர் ஊரில் மாண்டதற்கும் உள்ள வேறுபாட்டை அதனால் விளக்க முடியாது.

1099 ஜூலை 15 அன்று சிலுவைப் படை எருசலேமுக்குள் புகுந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே மதிலுக்குள் நின்று போராடி, ஒன்றாகக் கொல்லப்பட்டார்கள். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் கண்டெடுக்கப்பட்ட கடிதங்கள், அஸ்கலோன் நகர யூதர்கள் சிறைப்பட்ட மனிதர்களையும் கொள்ளை போன ஏடுகளையும் மீட்கப் பணம் திரட்டியதை விவரிக்கின்றன. பின்னாளில் அலெப்போ சுவடி என்று பெயர் பெற்ற புகழ்பெற்ற எபிரேய விவிலியப் பிரதியும் அந்தக் கொள்ளையிலிருந்து மீட்கப்பட்டு எகிப்து சேர்ந்தது. மைமோனிதீஸ் தம் காலத்தில் அதைப் பார்த்துப் பயன்படுத்தினார். வெற்றிபெற்ற இலத்தீன் (ரோமன் கத்தோலிக்க) கிறிஸ்தவர்கள் தேவாலயத்திலிருந்து கீழைக் கிறிஸ்தவக் குருமார்களையும் முதலில் வெளியேற்றினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பங்காளிகளுக்குள்ளும் நெருங்கிய பங்காளிமேல்தான் காய்ச்சல் கடுமை.

ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குள் அந்தப் படையினரின் பிள்ளைகள் மாறிப்போனார்கள். சிரியப் பிரபுவும் போர்வீரருமான உஸாமா இப்னு முன்கித் தம் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பழைய ஆலய மேடையில் இருந்த அல்-அக்ஸா பள்ளிவாசல் அப்போது டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களின் தலைமையகமாக இருந்தது. அவர் எருசலேம் வரும்போதெல்லாம், நண்பர்களான அந்த டெம்ப்ளர்கள் பக்கத்துச் சிறு தொழுகையிடத்தை அவருக்காக ஒழித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் அவர் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பிராங்கியன், அதாவது மேற்கு ஐரோப்பியன், பாய்ந்து வந்து அவருடைய முகத்தைக் கிழக்கே திருப்பி, "இப்படித்தான் தொழ வேண்டும்" என்றான். டெம்ப்ளர்கள் அவனை இழுத்துச் சென்றார்கள். அவன் மீண்டும் வந்து அதையே செய்தான். பிறகு அவர்கள் உஸாமாவிடம் வருத்தம் தெரிவித்து, அவன் ஐரோப்பாவிலிருந்து அண்மையில்தான் வந்தவன், வேறு திசை நோக்கித் தொழுபவரை இதுவரை கண்டதில்லை என்றார்களாம். ஊரில் இருந்தவனுக்குப் பழகியிருந்தது. புதிதாக வந்தவனுக்குப் பொறுக்கவில்லை. எருசலேமின் கதையை வாசிக்க வாசிக்க, வெளியிலிருந்து வந்த அந்தப் புதியவனை ஒவ்வொரு நூற்றாண்டிலும் நான் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன்.

1187 அக்டோபரில் சலாஹுத்தீன் ஊரை மீட்டபோது படுகொலை நடக்கவில்லை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை கட்டி வெளியேறினார்கள். கட்ட இயலாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். இது பலரும் அறிந்தது. பலர் அறியாதது, அறிந்திருக்க வேண்டியது 1229. சலாஹுத்தீனின் தம்பி மகனான எகிப்து சுல்தான் அல்-காமிலும், போப்பால் சபை விலக்கு செய்யப்பட்டிருந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கும், பெரும் போர் எதுவும் புரியாமல், தூதுவர்கள் வழியே பேசிப் பேசி, ஒரு தீர்வுக்கு வந்தார்கள். எருசலேம் பத்தாண்டுகளுக்குக் கிறிஸ்தவர் வசம். பழைய ஆலய மேடையான ஹரம் ஷரீஃப் வளாகம் மட்டும் முஸ்லிம்களின் பொறுப்பில், அவர்களுடைய தொழுகைக்கு. மூன்று நூற்றாண்டுகளின் மிகச் சிறந்த அறிவார்ந்த ஒப்பந்தம் இது என்று நான் கருதுகிறேன். அதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? எருசலேமின் இலத்தீன் மறைமுதல்வர் ஊரின் வழிபாட்டுக்கே தடை விதித்தார். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் அறிஞர் இப்னுல் ஜவ்ஸியின் பேரர் இழவுச் சொற்பொழிவு நிகழ்த்த, மக்கள் கதறி அழுதார்கள். ஃபிரெடெரிக் ஆக்கர் துறைமுகத்தில் கப்பலேறியபோது, கசாப்புக் கடைத் தெருவில் அவர்மேல் குடலையும் இறைச்சிக் கழிவையும் எறிந்தார்கள். கொன்றவர்களுக்கு அவரவர் தரப்பில் மாலை விழுந்தது. பேசி முடித்த இருவருக்கும் தங்கள் தரப்பிலிருந்தே வசை விழுந்தது. 1244இல் மத்திய ஆசியாவைச் சேர்ந்த குவாரஸ்மியக் குதிரைப்படை ஊரைச் சூறையாடி, அந்த ஏற்பாட்டின் மிச்சத்தையும் அழித்தது.

1263இல் பார்சிலோனாவில் அரசர் முன்னிலையில் கிறிஸ்தவத் துறவியோடு வாதிட்டு, அதன் விளைவாக நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த யூத மதகுரு ரப்பி நக்மனிதீஸ் 1267இல் எருசலேம் வந்து சேர்ந்தார். பாழடைந்து கிடந்த ஊரில் அவர் கண்ட யூதர்கள் இரண்டே பேர். சாயத் தொழில் செய்த சகோதரர்கள். ஐரோப்பாவிலோ 1290இல் இங்கிலாந்தும், 1306இல் பிரான்சும், 1492இல் ஸ்பெயினும் யூதர்களை வெளியேற்றின. ஸ்பெயினை இழந்தவர்களில் ஏராளமானோரை உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கிய) சுல்தான் இரண்டாம் பயஸீத் தம் நாட்டில் ஏற்றுக்கொண்டார்.

உஸ்மானியர் காலத்தில்தான் நான் முதலில் சொன்ன ஏணியின் ஏற்பாடு உருவாயிற்று. கிரேக்கர், இலத்தீனர், அர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபைகள் ஒரே தேவாலயத்தில். எந்தத் தூணருகே யார் விளக்கேற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதெல்லாம் வழக்கு. பெருக்குகிறவருக்கே அந்தப் படியில் பாத்தியதை என்று ஆகிவிடும் என்பதால் துடைப்பத்துக்காகவே கைகலப்பு நடந்திருக்கிறது. எங்கள் ஊரில் பாகம் பிரிக்காத கிணற்றில் முறை வைத்து நீர் இறைத்த பெரியப்பா, சித்தப்பா வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான்; அனுபவ பாத்தியதை என்ற சொல்லின் கனம் எனக்குத் தெரியும். 1852இல் சுல்தான் அப்துல் மஜீத் பிறப்பித்த ஆணை, யார் யார் எதை அனுபவித்து வருகிறார்களோ அது அப்படியே தொடரட்டும் என்று நிலைநிறுத்தியது. ஸ்டேட்டஸ் கோ என்று இன்றும் அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில் அன்பு எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான நாள்களில் அது வேலை செய்கிறது. அந்தக் காலத்திலும் வெளியார் சும்மா இருக்கவில்லை. 1847இல் பெத்லகேமின் பிறப்புக் குகையிலிருந்து வெள்ளி நட்சத்திரம் காணாமற்போன தகராறில், இலத்தீனருக்குப் பிரான்சும் கிரேக்கருக்கு ரஷ்யாவும் பரிந்து நின்று, 1853இல் தொடங்கிய கிரிமியப் போருக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. புனித இடத்தின் சாவி அவர்களுக்கு ஒரு சாக்கு. கண் இருந்தது நலிந்துகொண்டிருந்த உஸ்மானியப் பேரரசின்மேல்.

இருபதாம் நூற்றாண்டு வேறு விதமான காலம். 1917 நவம்பரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாகப் பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் பிரகடனம், டிசம்பரில் எருசலேமில் பிரிட்டிஷ் படை. அதன்பின் நடந்தவற்றை யூத-முஸ்லிம் மதப்போர் என்று சொல்வது பெரும் பிழை. நிலம், குடியேற்றம், இரண்டு தேசியங்களின் எழுச்சி என்பவையே அதன் எலும்பு. மதம் அந்த எலும்பைப் பற்றிய தீ. 1928இல் யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரில், பழைய ஆலய மேடையின் மேற்குச் சுவரருகே ஆண்களையும் பெண்களையும் பிரிக்க யூதர்கள் ஒரு திரையை நிறுத்தினார்கள். முன்பு இல்லாத பொருள் ஒன்று வந்துவிட்டால் அது நாளை உரிமையாகிவிடும் என்று முஸ்லிம் தரப்பு முறையிட, பிரிட்டிஷ் காவலர்கள் தொழுகையின் நடுவே அதைப் பிடுங்கி அகற்றினார்கள். ஓராண்டுக்குள், 1929 ஆகஸ்டில், நாடு எரிந்தது: 133 யூதர்களும் 116 அரபியரும் மாண்டார்கள். ஹெப்ரோனில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஹெப்ரோனில் அரபுக் குடும்பங்கள் பல தங்கள் அண்டை வீட்டு யூதர்களை மறைத்து வைத்துக் காப்பாற்றின. 1930இல் விசாரித்த பன்னாட்டு ஆணையம், சுவர் முஸ்லிம்களின் உடைமை, யூதர்களுக்கு அங்கே தொழும் உரிமை உண்டு என்று பழைய வழக்கையே எழுதிக் கொடுத்தது. அதற்குள் வழக்கு சுவரைத் தாண்டிப் போயிருந்தது.

1948 முதல் 1967 வரை ஜோர்டானின் கையில் இருந்த பழைய நகரத்தில் யூதர்கள் அந்தச் சுவரை அணுகவே முடியவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேல் அதைப் பிடித்த சில நாள்களிலேயே, சுவருக்கு முன்னால் நூற்றாண்டுகளாக இருந்த, வட ஆப்பிரிக்க வழிவந்த மக்ரிபியர் குடியிருப்பு இரவோடிரவாக இடிக்கப்பட்டு, இன்றைய விரிந்த முற்றம் உண்டாக்கப்பட்டது. அம்மா அந்த முற்றத்தில் நின்று கற்களின் இடுக்கில் ஒரு வேண்டுதல் சீட்டைச் செருகினார்கள். அவர்கள் நின்ற தரை யாருடைய அடுப்படியாகவோ இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது சொல்ல மனம் வரவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகு சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?" என்று கேட்டார்கள்.

திருக்கல்லறைத் தேவாலயத்தின் சாவியை ஜூதே என்ற முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது. கதவைத் திறந்து அடைக்கும் உரிமை நுஸைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. சாவி சலாஹுத்தீன் காலத்திலும் கதவு உமர் காலத்திலும் தங்களுக்கு வந்ததாக அந்தக் குடும்பங்களின் மரபு சொல்கிறது. ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, கதவு அடைப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லி, குளிரில் முற்றத்தில் காத்திருந்தார்கள். இரவு முழுதும் உள்ளேயே தங்கும் துறவிகள் உள்ளே இருந்தார்கள். பெரிய கதவுகளைச் சாத்தியபின், அவற்றிலுள்ள சிறிய திட்டிவாசல் வழியாக ஒரு துறவி உள்ளிருந்து சிறு ஏணி ஒன்றை நீட்டினார். காவலர் அதை வாங்கிக் கதவில் சாய்த்து, ஏறி மேல்பூட்டைப் பூட்டி, இறங்கிக் கீழ்ப்பூட்டையும் பூட்டி, அந்த ஏணியை அதே திட்டிவாசல் வழியாகத் துறவியின் கையில் திருப்பிக் கொடுத்தார். உள்ளிருந்து திட்டிவாசலைச் சாத்தும் ஓசை கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினார்கள்.